பகலில் நடுங்காத ஊர்

1

இந்தக் கதை பிறந்தது கர்வத்தில். ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டு வந்த பிறகும் என் உடம்பு அந்த வேலையை விடவில்லை. ஊரே தூங்கும்போது கொட்டக் கொட்ட விழித்திருக்கிற ஆளுக்கு இணையத்தில் இரண்டு வழிதான் உண்டு. யாரோடாவது சண்டை போடலாம். அல்லது யாரும் எட்டிப் பார்க்காத பக்கங்களை எட்டிப் பார்க்கலாம். சண்டைக்குத் தெம்பில்லாததால் நான் இரண்டாவது வழியில் போனேன்.

அப்படிக் கண்ணில் பட்டதுதான் அந்த நிலநடுக்கப் பட்டியல். பல நாட்டு ஆய்வு மையங்கள் கூடி நடத்துவது. எந்த மூலையில் தரை அசைந்தாலும் அதில் ஒரு வரி விழும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம். காசு கிடையாது, கேள்வி கிடையாது. அதில் ஒரு சின்ன ஊர் ராத்திரியில் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. பகலில் ஒரு சிணுங்கல்கூட இல்லை. பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்துவிடும். ‘அட, நம்ம ஆளு’ என்று நினைத்தேன். ஒரு ஊரே என்னைப் போல ராத்திரி வேலை பார்க்கிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

நிலநடுக்க மையம் ஒன்றில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் புரையேறும்வரை சிரித்தார். “அது ஊரோட குணம் இல்லய்யா. எங்க ஆபீஸோட குணம்” என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டை மறைக்காமல் காட்டிவிடுகிறேன்.

[பூமி நடுங்கியது.]

அடித்துவிட்டேன். நிலநடுக்கக் கதை எழுத உட்காருகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். தவிர, இந்தக் கதையில் அதிகாரபூர்வமாகப் பூமி நடுங்கவே இல்லை. பிரச்சினையே அதுதான்.

[தரவு என்பது மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்பதை நாடுகள் உணரத் தொடங்கிய அந்த]

இது பட்டியல் நடத்துகிறவர்களுடைய ஆண்டுமலரில் வரவேண்டிய வாக்கியம். பாதியிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மீதியை யாராவது அமைச்சர் முடித்துக்கொள்ளட்டும்.

[அலைக்காரி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, போன் அடித்தது.]

இது இருக்கட்டும். அழகில்லை, ஆனால் வேலை நடக்கும்.

அலைக்காரி என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்து, எந்த நெளிவு நிலநடுக்கம், எது ரயில், எது கருவி இருக்கும் அறைக்குள் யாரோ கதவை அறைந்தது என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. அந்த நாட்டு மையத்தில் அந்த வேலையை அவளைவிட நன்றாகச் செய்பவர்கள் இல்லை. அவளும் அதை நம்புகிறாள். பின்னால் வருகிற தொல்லைக்கெல்லாம் விதை அதுதான்.

போனில் தங்கை. பட்டியலில் ராத்திரி மட்டும் நடுங்குகிறதே, அதே ஊரில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை.

“அக்கா, மறுபடியும் ஆடுச்சு.”

“எப்போ?”

“இப்பத்தான். ரெண்டாவது பீரியட்ல. கரும்பலகை தானா ஊஞ்சலாடுது, பிள்ளைங்க கை தட்டுதுங்க.”

அலைக்காரி பட்டியலைத் திறந்து பார்த்தாள். “ஒண்ணும் இல்லடி.”

“இல்லன்னா?”

“லிஸ்ட்ல எதுவும் வரல.”

“உன் லிஸ்ட்ல வரலன்னா என் சுவர்ல விழுந்த விரிசல் அடைஞ்சிடுமா?”

“லாரி ஏதாவது போயிருக்கும்.”

“எந்த லாரி? இங்க லாரி வந்த ஒரே ரோடு குவாரிக்குப் போற ரோடு. குவாரிய மூடுனப்பவே அதுல முள்ளு மண்டிப்போச்சு. நீ கடைசியா இந்தப் பக்கம் வந்தது எப்பன்னு ஞாபகம் இருக்கா? ஆயிரம் மைலுக்கு அப்பால எவன் வீட்டுச் சட்டி உருண்டாலும் உனக்குத் தெரியுது. கூடப் பிறந்தவ சொன்னா மட்டும் லாரி.”

“சரி சரி, கத்தாத. இன்ஜினியர் வந்து பாக்கறேன்னாரே?”

“வந்தாரே! சுவரைப் பாக்கல, போனைப் பாத்தாரு. ‘மேடம், இது இன்டர்நேஷனல் டேட்டா. உங்க ஊரு ராத்திரிலதான் ஆடுது. ராத்திரில ஸ்கூல்ல யாரும் இருக்க மாட்டாங்க. அப்புறம் என்ன ஆபத்து?’ அப்படின்னுட்டு, கட்டடம் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.”

அலைக்காரி பட்டியலைக் கீழே உருட்டிக்கொண்டே போனாள், எல்லாம் ராத்திரி வரிகள்.

“அக்கா, இருக்கியா?”

“இருக்கேன்.”

“அந்தச் சுவரை ஒட்டித்தான் ஒண்ணாம் வகுப்பு உக்காருது. உன் லிஸ்டுக்கு அதையும் சொல்லி வை.”

3

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லாமல் கதை நகராது. சுருக்கமாகவே சொல்கிறேன். அறிவியல் விளக்கம் நீண்டால் வாசகர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார் என்பது அனுபவம்.

குவாரியில் கல் உடைக்க வெடி வைப்பார்கள். வெடித்தால் தரை அதிரும். கருவிக்கு வெடியும் ஒன்றுதான், நடுக்கமும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே மாதிரிக் கிறுக்கும். வெடி வைப்பது பகலில்தானே? அதனால் அந்தக் காலத்தில் ஒருவர் கணினிக்கு ஒரு விதி எழுதி வைத்தார்: இந்தக் குவாரியைச் சுற்றிப் பகலில் வருகிற அதிர்வெல்லாம் வெடி, பட்டியலிலிருந்து தூக்கு. நல்ல விதி. குவாரி நடந்தவரைக்கும்.

பிறகு குவாரியை மூடினார்கள். பள்ளத்தில் தண்ணீர் ஏறியது. தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்க இறங்க, அடியில் ஏதோ நழுவ ஆரம்பித்தது.* பகலென்றும் பாராமல், இரவென்றும் பாராமல் நழுவியது. பாறைக்கு ஆபீஸ் நேரம் தெரியாது. ஆனால் விதிக்குத் தெரியும். பகலில் வந்ததையெல்லாம் அது கடமை தவறாமல் தூக்கிக் கடாசிக்கொண்டே இருந்தது. மிச்சம் இருந்த ராத்திரி நடுக்கங்கள் மட்டும் உலகப் பட்டியலுக்குப் போயின.

(* தண்ணீர்தான் காரணமா என்று அடித்துக் கேட்டால் எனக்குத் தெரியாது. கதையில் வருகிற ஆட்களுக்கும் இன்னும் தெரியாது. போய்ப் பார்த்தால்தானே தெரியும்.)

அலைக்காரி அன்று செய்தது இவ்வளவுதான்: பட்டியலை மூடிவிட்டு, பட்டியலுக்கு முந்தைய, கருவி கிறுக்கிய மூலக் கோட்டைத் திறந்தாள். ரெண்டாவது பீரியட் நடுக்கம் அதில் பளிச்சென்று இருந்தது. அதற்கு முந்தைய நாளுடையதும் இருந்தது. அதற்கும் முந்தையது. மாதக்கணக்கில் பின்னால் போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் ஒரு தோட்டத்தையே மறைத்திருந்தார்கள், யாருக்கும் எதையும் மறைக்கும் எண்ணமே இல்லாமல்.

4

(அலைக்காரியை நான் சந்தேகப்பட்ட இடம். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.)

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஒரு விஷயம் உறுத்தியது. விதி இருப்பது அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். குவாரி மூடியதும் தெரியும். தங்கை ஊர்ச் சமாச்சாரம் நூறு சொல்லும்போது அதையும் சொல்லியிருப்பாள். இரண்டும் தெரிந்த பெண்ணுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? நம்ப முடியவில்லையே என்று தெரிந்தவரிடம் கேட்டேன்.

அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. “விதி ஆபீஸ்ல தெரிஞ்சது. குவாரி வீட்ல தெரிஞ்சது. ரெண்டும் எங்கய்யா சந்திக்கும்?” என்றார்.

அவளை அப்படியே விட்டுவிட்டேன். அவளை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

5

இயக்குநர் அறை. சுவரில் உலக வரைபடம், அதில் கூட்டாளி நாடுகளுக்கெல்லாம் வண்ணக் குண்டூசி. மேஜையில் ஒரு சின்னக் கொடிக் கம்பம், கொடிகள் நெரிசலில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. விதியை எழுதிய ஒருவர் என்றேனே, இவர்தான். அப்போது இளைஞர். இப்போது சுழல்நாற்காலி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி வந்தால் கண்ணாடியில் அழுக்கு சேர்ந்துவிடும் அவருக்கு.

“ஏம்மா, இத்தனை நாட்டுக்காரன் பாக்குற டேட்டா. தப்பு இருந்தா ஒருத்தனாவது சொல்லியிருக்க மாட்டானா?”

“அவங்க ஒவ்வொருத்தரும் அதையேதான் சார் நினைச்சிருப்பாங்க.”

“விதின்னு ஒண்ணு இருக்கும்மா.”

“நீங்க எழுதினதுதான் சார்.”

“அதனாலதான் சொல்றேன். நல்ல விதி.”

திறந்த வீட்டில் நாய் நுழைந்த மாதிரி என்று ஒரு பேச்சு உண்டு. இவர்கள் கட்டியிருப்பது உலகத்துக்கே திறந்த வீடு. உள்ளே நாய் படுத்திருப்பதை வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்காரர் வளர்ப்பு போலிருக்கிறது என்று ஆளுக்கு ஒரு முறை தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

“சரி, திருத்தலாம். யாரு வேண்டாம்னா?” என்றார் இயக்குநர். “ஆனா அதுக்கு ஒரு முறை இருக்கு. செயற்குழுல வைக்கணும், கூட்டாளி மையங்கள் ஒத்துக்கணும். அடுத்த வெளியீட்டுல ஒரு அடிக்குறிப்பா போட்டுடலாம்.”

“அடுத்த வெளியீடு எப்ப சார்?”

“இந்த வெளியீடு முடிஞ்சப்புறம்.”

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் குரலை இறக்கினார். “உனக்குத் தெரியாததா? பேராசிரியர் கட்டுரை வரப்போகுது. அந்த ஊரு ராத்திரில மட்டும் ஆடுறத வச்சுத்தான் மொத்தக் கட்டுரையும். ஆசிரியர் வரிசையில முதல் தடவையா நம்ம மையத்துப் பேரு. இந்த நேரத்துல போய், ‘அதெல்லாம் சும்மா, பாதி டேட்டாவ நாங்களே குப்பைல போட்டுட்டோம்’னு சொன்னா, நாளைக்கு எவன் நம்மகூடக் கூட்டு வைப்பான்?”

“சார், அங்க ஒரு ஸ்கூல் இருக்கு.”

“இருக்கட்டும்மா. நான் ஸ்கூல் வேண்டாம்னா சொன்னேன்?”

(அடிக்குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையை அடக்கம் செய்ய அதைவிடக் கண்ணியமான இடம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நானும் மேலே ஒன்று போட்டிருக்கிறேன். அதை எத்தனை பேர் படித்தீர்கள்?)

6

கூட்டாளிகளின் காணொளிக் கூட்டம். திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள், சதுரத்துக்கு ஒரு தலை. சில தலைக்குப் பின்னால் புத்தக அலமாரி, சில தலைக்குப் பின்னால் பொய்யான கடற்கரை. இயக்குநர் கூட்ட அறையின் முன்வரிசையில், புதுச் சட்டையில். அலைக்காரி பின்வரிசையில், தன் கணினியோடு.

பேராசிரியர் பேசினார். தூரதேசத்துக்காரர், தங்கமான மனுஷன், குரலே மயிலிறகு. பகல் வெயிலில் பாறை விரிகிறது, விரிந்த பாறை தன் பிளவுகளைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது பிடி தளர்கிறது, நிலம் நழுவுகிறது. அழகான கொள்கை. வரைபடங்கள் அதைவிட அழகு. இப்படிச் சுத்தமான தரவைக் கொடுத்ததற்காக இயக்குநரின் மையத்துக்கு நன்றி சொன்னார். எல்லாச் சதுரங்களும் கை தட்டின. இயக்குநர் எழுந்து பாதி குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து அலைக்காரியின் திரையில் ஒரு கோடு துள்ளியது. அதே ஊர், நட்டநடுப் பகல். பட்டியலில் ஒரு வரி விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி மறைந்தது. விதி தன் வேலையைச் செய்துவிட்டது.

போன் அதிர்ந்தது. தங்கை. அலைக்காரி மேஜைக்கடியில் குனிந்து காதில் வைத்தாள்.

“அக்கா, சுவர்லேருந்து ஒரு செங்கல் விழுந்துடுச்சு. இன்டர்வல் நேரம், உள்ள யாரும் இல்ல. எல்லாப் பிள்ளைங்களையும் வெளிய கொண்டுவந்து உக்கார வச்சுட்டேன். இனிமே உள்ள அனுப்ப மாட்டேன். மேலிடத்துல கேட்டா கேக்கட்டும்.”

அலைக்காரி நிமிர்ந்தாள். மைக்கைத் திறந்தாள்.

[அவள் உண்மை அத்தனையையும் உருக்கமாகப் பேசி முடித்தாள். கடைசியில் ஒரு சதுரம் சொன்னது: ‘மன்னிக்கணும், உங்க மைக் திறக்கல.’]

இது நேற்று எழுதியது. மலிவான ஜோக். அடித்துவிட்டேன். மைக் திறந்துதான் இருந்தது. நடந்தது அதைவிட மோசம்.

“அந்தக் குவாரிய மூடி ரொம்ப வருஷமாச்சு. பகல்ல வர்றதை எங்க விதி வெடின்னு தூக்கிடுது, அது வெடி இல்ல. நிலநடுக்கம். இப்பக்கூட ஒண்ணு வந்தது” என்றாள்.

சதுரங்கள் அசையவில்லை. இயக்குநரின் பிடரி மட்டும் சிவந்தது. பேராசிரியர் அக்கறையோடு முன்னால் சாய்ந்தார்.

“மிக முக்கியமான தகவல்” என்றார். “குவாரி மூடிவிட்டது என்றால், அங்கே வெடி வைப்பது யார்?”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். விதி வெடி என்று சொல்கிறது, ஆகவே வெடி, ஆகவே வைக்கிறவன் ஒருவன் இருக்க வேண்டும். அது அபாயம், சட்டவிரோதம் என்று இன்னொரு சதுரம் வருத்தப்பட்டது. உரிமமில்லாத வெடிவைப்பை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்று மூன்றாவது சதுரம் முன்மொழிந்தது. வழிமொழிய நான்கைந்து பேர் போட்டி போட்டார்கள். துணைக்குழுவில் அலைக்காரியையும் சேர்த்தார்கள். அந்த ஊரை நன்றாகத் தெரிந்தவளாயிற்றே.

7

அன்று சாயங்காலம் அவள் யாரையும் கேட்காமல் அந்த விதியைக் கணினியிலிருந்து எடுத்தாள். பகல் நடுக்கங்கள் எல்லாம் அடைத்து வைத்திருந்த கொட்டிலைத் திறந்துவிட்ட மாதிரி பட்டியலுக்குள் பாய்ந்தன. கதையை இங்கேயே முடித்திருப்பேன். கூட்டு முயற்சி விடவில்லை.

கூட்டமைப்பின் தலைமைக் கணினியில் ஒரு தரக்காவல் இருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது வந்தால் பிடித்து நிறுத்தும். இத்தனை வருஷம் பகலில் நடுங்காத ஊர் திடீரென்று பகலில் நடுங்கினால்? ‘வெடிவைப்பு என ஐயம்’ என்று முத்திரை குத்தி மொத்தத்தையும் ஓரங்கட்டியது. தப்பை அளவுகோலாக வைத்துக்கொண்டு திருத்தத்தை அளந்தது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். இங்கே கூடமே கோணல், நேராக ஆடினவள்தான் மாட்டிக்கொண்டாள். கடைசியில் அவள் மையத்துப் பக்கத்தில் ஒரு பட்டியல், உலகப் பக்கத்தில் வேறொரு பட்டியல்.

தங்கை இரண்டையும் இன்ஜினியரிடம் காட்டினாள்.

“மேடம், ரெண்டு டேட்டா இருந்தா நான் பெரிய டேட்டாவத்தான் நம்பணும்” என்றார் அவர். மறுநாளே தங்கைக்கு விசாரணை உத்தரவு வந்தது: பாதுகாப்பான கட்டடம் இருக்கும்போது மாணவர்களை வெயிலில் உட்காரவைத்தது ஏன்? மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரில் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் திருப்தி தராவிட்டால் வேலை போகும், பிள்ளைகள் அந்தச் சுவருக்கே திரும்பிப் போவார்கள்.

“நீ வந்து சொல்லு அக்கா” என்றாள் தங்கை. “நான் சொன்னா பயந்தாங்கொள்ளி டீச்சர். நீ சொன்னா கவர்மென்ட்டு.”

அலைக்காரி லீவு கேட்கப் போனாள். இயக்குநர் கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடினார்.

“தாராளமா போம்மா. கூடப் பிறந்தவளுக்கு ஒண்ணுன்னா போகாம இருக்க முடியுமா? அக்காவா போ. அக்காவா பேசு. மையத்துப் பேரை மட்டும் எடுக்காத. எடுத்தா, திரும்பி வந்து உக்கார இங்க உனக்கு நாற்காலி இருக்காது. நான் மிரட்டல, முறையச் சொல்றேன்.”

8

முடிவுகள். என்னிடம் மூன்று இருந்தன. மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தேன்.

ஒன்று: சுவர் இடிந்து விழுகிறது, பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள், எல்லோருக்கும் புத்தி வருகிறது. எழுத ரொம்பச் சுலபம். குழந்தையைக் கொன்று கைதட்டல் வாங்குகிற கூட்டத்தில் நான் இல்லை. அப்படி விழுந்தாலும் யாருக்கும் புத்தி வராது, துணைக்குழுதான் வரும்.

இரண்டு: பேராசிரியர் மனம் மாறுகிறார், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார், கண்கலங்க அலைக்காரிக்கு நன்றி சொல்கிறார். இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. அவர் தற்சமயம் பகல் நடுக்கம் இல்லாத இன்னும் சில ஊர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைக்கும். குவாரி இல்லாத நாடு ஏது?

மூன்று: விசாரணை நடக்கும்போதே, பகல் வெளிச்சத்தில், கல்வி அதிகாரியின் மேஜையில் தண்ணீர் டம்ளர் லேசாகக் குலுங்குகிறது. அதிகாரி டம்ளரைப் பார்க்கிறார். இன்ஜினியரைப் பார்க்கிறார். திரை விழுகிறது.

இந்த மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது, ஒளிப்பானேன். ஆனால் அலைக்காரி சொல்லவேண்டியதைத் தரையே சொல்லிவிட்டால் அவள் எதற்கு? அவளைக் காப்பாற்றப் பூமியைக் கூப்பிடுவதாயில்லை. டம்ளர் ஆடாது. இதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

9

ஆகவே நடப்பது இவ்வளவுதான்.

கல்வி அலுவலகத்து அறை. மின்விசிறி ஓடுகிறது, காற்று வரவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு இன்ஜினியர். இந்தப் பக்கம் தங்கை, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மடியில் பூட்டிக்கொண்டு. இன்ஜினியர் போனை மேஜைமேல் வைத்து உலகப் பட்டியலைத் திறந்து காட்டுகிறார். எத்தனை நாடுகள் சேர்ந்து நடத்துவது என்று விளக்குகிறார். அதிகாரி மரியாதையோடு தலையாட்டுகிறார்.

“ஏம்மா, இத்தனை பேரு பாத்து இல்லன்னு சொல்றதை, நீங்க மட்டும் இருக்குன்னா எப்படி?”

“நான் அங்க இருக்கேன் சார்” என்கிறாள் தங்கை. “அவங்க யாரும் இல்ல.”

“அது சரி. ஆனா ஒரு ஆதாரம் வேணும்ல?”

கதவு திறக்கிறது. அலைக்காரி. பஸ்ஸில் வந்த கசங்கல், காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத முகம். தங்கை திரும்பிப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை மட்டும் எடுத்துக் கீழே வைக்கிறாள்.

அதிகாரி நிமிர்ந்து பார்க்கிறார். “நீங்க யாரு?”

இதற்கு இரண்டு பதில் உண்டு. இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொன்னால் அவள் நாற்காலி தப்பும். மற்றதைச் சொன்னால் ஒண்ணாம் வகுப்பு அந்தச் சுவரிலிருந்து தப்பும், தப்பினால். அதற்குக்கூட நான் உத்தரவாதம் தர முடியாது. துணிந்து சொன்ன உண்மையைக் கேட்டுவிட்டு, ‘அப்ப வெடி வைக்கிறது யாரு?’ என்று கேட்ட உலகம் இது.

நான் அவளைக் கதவுவரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். வாயைத் திறந்து ஒரு பதிலை உள்ளே திணிக்க எனக்கு உரிமை இல்லை. அவள் எனக்குத் தங்கையும் இல்லை, அக்காவும் இல்லை. பதில் உங்களிடம் இருந்தால் நீங்கள் எழுதுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

“

அவசரமில்லை என்று சொல்ல முடியாது. அறையில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்ப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. இத்தனை நாடுகளும் அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.